எந்த யூனிட்டுக்கு மனுப் போடுவது? எல்க் டேக் அனுபவப் பகிர்வு

டென்வரிலிருந்து:

நான் கோட்டைவிட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொலராடோ வந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் எல்க் கறி கொண்டுவந்து கொடுத்தார். எல்க் என்றால் நம்மூர்க் கடமானுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைக்காரனுக்கு வேட்டை என்றால் தாத்தா காலத்துப் பேச்சு. 1972 சட்டத்தோடு அது முடிந்துபோனது. இங்கே மாநில வனவிலங்குத் துறையே விலங்குகளின் எண்ணிக்கை பார்த்து, மாநிலத்தை யூனிட் என்று எண் போட்ட வேட்டைப் பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் வைத்து, டேக் என்ற வேட்டைச் சீட்டைக் கொடுத்து நடத்துகிறது. சரி என்று நானும் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்து அட்டை வாங்கினேன். 1949 ஜனவரி 1 முதல் பிறந்த எவருக்கும் அந்த அட்டை இல்லாமல் இங்கே லைசென்ஸ் கிடையாது. அப்புறம் நாலு வருஷம் பாயின்ட் சேர்த்தேன்.

பாயின்ட் கணக்கு தெரியாதவர்களுக்கு: மனுவில் நாலு விருப்பம் எழுதலாம். முதல் விருப்பம் கிடைக்காத வருஷம் ஒரு பாயின்ட் ஏறும். கிடைத்துவிட்டால் சேர்த்ததெல்லாம் பூஜ்யம். ஏலச்சீட்டில் கட்டிய பணத்தை எந்த மாசம் எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்பது போலத்தான். அவசரப்பட்டால் போச்சு.

நான் அவசரப்பட்டேன். துறை வருஷாவருஷம் யூனிட் வாரியாக வெற்றி விழுக்காடு வெளியிடும்: எத்தனை பேர் போனார்கள், எத்தனை கொம்பன், எத்தனை பெட்டை விழுந்தது என்று. ஒரு யூனிட்டில் அது பக்கத்து யூனிட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. வேறெதையும் பார்க்கவில்லை. 2018-ல் மனுப் போட்டேன், கிடைத்தது, நாலு பாயின்டும் காலி.

முதல் ரைஃபிள் சீசன் அக்டோபர் நடுவில், ஐந்தே நாள். முதல் நாள் விடியலுக்கு முன்பே மண் சாலை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு இருட்டில் நின்றேன். வெளிச்சம் வரவர, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைமசால் வயலில் ஏதோ புதர்கள் நகர்வது போலத் தெரிந்தது. பைனாகுலரில் எண்ணினேன். ஐம்பத்தெட்டு எல்க், அதில் ஐந்து கொம்பன். ஒன்று வேலியிலிருந்து அறுபது அடிகூட இருக்காது. என்னைப் பார்த்தது, மென்றுகொண்டே இருந்தது. அதன் மூக்கிலிருந்து வரும் ஆவிகூடத் தெரிகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் சட்டையில் ஆரஞ்சு, கையில் துப்பாக்கி, பையில் டேக்கோடு நான். அந்தப் பக்கம் தனியார் பண்ணை. கொலராடோவில் வேலியில் பலகை இல்லாவிட்டாலும் நில உடைமைக்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே வேட்டையாடக் கூடாது.

வரைபடத்தில் மஞ்சளாகத் தெரிந்த பொது நிலம் அந்தப் பண்ணைக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் போகும் ஒரே பாதையில் பூட்டிய கேட். அந்த வெற்றி விழுக்காட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் பண்ணைக்குள் நின்று சுட்டவர்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அட்டவணை பொய் சொல்லவில்லை. யார் நிலத்தில் சுட்டார்கள் என்று அதில் பிரித்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மனுவுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. இந்த முறை நிதானமாக வேலை பார்த்தேன். வாயைப் பிளக்க வைக்கும் யூனிட்டுகளை முதலிலேயே ஓரம் கட்டினேன். வடமேற்கு மூலையில் 2, 10, 201 எல்லாம் இருபதை ஒட்டிய பாயின்ட் கேட்பவை. வருஷம் ஒன்று நாம் சேர்த்தால் நமக்கு முன்னால் நிற்பவர்களும் ஒன்று ஏற்றிவிடுகிறார்கள். கடைசியில் நிற்பவனுக்கு வரிசை நகர்வதே இல்லை. மனுவில் எழுதுகிற வேட்டைக் குறியீட்டைப் படிக்கப் பழகினேன்: விலங்கு, ஆணா பெண்ணா, மூன்று இலக்க யூனிட் எண், எந்த சீசன், எந்த ஆயுதம். முந்தைய வருஷக் குலுக்கல் முடிவில் எத்தனை பாயின்ட் உள்ளவர்கள் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பட்டியல் இருக்கும். அதை வெற்றி விழுக்காட்டோடும், பொது நிலம் எவ்வளவு என்பதோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஃபிளாட் டாப்ஸ் மலையைச் சுற்றியுள்ள யூனிட்டுகளில் ஒன்றில் வந்து நின்றேன். எண்ணைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது. 2022-23 குளிர்காலம் வடமேற்குக் கொலராடோவைப் போட்டு மிதித்துவிட்டது. பனி உறைந்து புல்லை மூடியதில் எல்க், மான், ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு எல்லாம் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2023-ல் துறை அந்தப் பகுதிக்கு டேக் எண்ணிக்கையை வெட்டியது. 2021 அட்டவணையை நம்பிப் போனால் இல்லாத மானைத் தேட வேண்டியதுதான்.

அதனால் பிப்ரவரியில் அந்தப் பகுதியின் வனவிலங்கு உயிரியலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். எல்க் எங்கே இருக்கும் என்று கேட்கவே இல்லை. அதைத்தான் எல்லோரும் கேட்டு அவர் உயிரை எடுக்கிறார்களாம். நூறு பெட்டைக்கு எத்தனை கொம்பன், குளிர்காலத்துக்குப் பிறகு கன்றுகள் தேறினவா, முதல் சீசனில் ஆட்கள் எங்கே குவிகிறார்கள் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். வைப்பதற்கு முன், “மேலே செம்மறி மேய்கிறது. அவை எப்போது இறங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்” என்றார்.

எனக்குள் மணி அடித்தது அங்கேதான். எங்கள் பக்கம் ஆட்டுக் கிடை போடுகிற கீதாரிகளைப் பற்றி அப்பா சொல்வார்: எந்தக் கண்மாயில் தண்ணீர், எந்தக் காட்டில் நரி என்று தாசில்தாருக்குத் தெரியாது, கீதாரிக்குத் தெரியும்.

2024 ஏப்ரலில் மனுப் போட்டேன், கிடைத்தது. ஜூலை கடைசியில் மலையேறினேன். பத்தாயிரம் அடிக்கு மேல். நாலு அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். 1940-களில் வண்டு அரித்துச் செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள் இன்னும் வெள்ளி எலும்புபோல நிற்கின்றன. மேட்டைத் தாண்டியதும் முதலில் வாசனை வந்தது, அதற்குப் பின்தான் சத்தம். ஆயிரம் செம்மறியாவது இருக்கும். இரண்டு வெள்ளைக் காவல் நாய்கள் என்னைப் பார்த்து ஓடிவந்தன. கன்றுக்குட்டி உயரம். கையைத் தொங்கவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தூரத்திலிருந்து ஒரு சீழ்க்கை. நாய்கள் உட்கார்ந்துவிட்டன.

மேய்ப்பர் பெரு நாட்டுக்காரர். கொலராடோ மலைகளில் செம்மறி மேய்ப்பவர்களில் நிறையப் பேர் அங்கிருந்து ஒப்பந்த விசாவில் வருகிறவர்கள். என் ஸ்பானிஷ் பத்து வார்த்தை, அவர் ஆங்கிலமும் அவ்வளவுதான். பையில் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை இருந்தது. பாதியைக் கொடுத்தேன். முதல் வாயில் முகம் சுளித்தார். இரண்டாவது வாய்க்குப் பிறகு நிலக்கடலையைத் தனியாகப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சிரித்தார். தகரக் குவளையில் கறுப்புக் காபி கொடுத்தார்.

நான் தலையில் இரண்டு கையையும் கொம்புபோல விரித்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். குச்சியால் மண்ணில் கோடு போட்டார். இது ஓடை, இது மந்தை. மந்தை இங்கே வந்ததும் எல்க் அங்கே. ‘அங்கே’ என்று குச்சி காட்டியது வடக்குச் சரிவிலிருந்த கறுத்த காட்டை. என் வரைபடத்தில் நான் ஏறெடுத்தும் பார்க்காத செங்குத்துப் பகுதி அது. பிறகு விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். செப்டம்பர் கடைசியில் மந்தை இறங்கிவிடும். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாளில் எல்க் மெல்ல மெல்லத் திரும்பி இந்தப் புல்வெளியின் ஓரத்துக்கு வரும், விடியலிலும் அந்தியிலும் மட்டும். காற்று காலையில் கீழே இறங்கும், பத்து மணிக்கு மேல் ஏறும் என்பதைக் காபி ஆவியை ஊதியே காட்டிவிட்டார்.

மறுநாள் அந்தச் சரிவில் இறங்கிப் பார்த்தேன். சேற்றுக் குழி ஒன்று. கொம்பன் புரண்ட இடம். ஓரத்து மரத்தில் பட்டை உரிந்த பழைய தழும்பு. கழுதை லாயத்து நாற்றம்.

அக்டோபரில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐந்து நாளில் மூன்று முறை கொம்பன் பார்த்தேன், மூன்றும் அவர் கோடு போட்ட இடத்தில். ஒன்று நாற்பது கஜத்தில் வந்து நின்றது. அந்த யூனிட்டில் ஒரு பக்கமாவது நாலு கிளை இருக்க வேண்டும், அல்லது புருவக் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். அதற்கு இரண்டும் இல்லை. சட்டப்படி சுடக்கூடியது ஒன்றுதான் வந்தது, ஐந்நூறு கஜத்துக்கு அப்பால். என் கைக்கு அது தூரம். சுடவில்லை. வெறுங்கையோடுதான் வந்தேன், ஆனால் 2018 போல வயிறு எரியவில்லை.

ஃபோர்ட் காலின்ஸிலிருந்து:

அண்ணா, அந்த வேலிக் கதை எனக்கும் உண்டு. நமக்கு வயோமிங் பக்கம்தானே, ப்ராங்ஹார்ன் டேக் கேட்டேன். வரைபடத்தைத் திறந்தால் சதுரங்கப் பலகை. 1860-களில் ரயில்பாதை போட்ட கம்பெனிக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்ததன் மிச்சம் அது. பாதி பொது நிலம் என்று சந்தோஷமாகப் போனேன். ஆனால் ஒரு பொதுச் சதுரத்திலிருந்து அடுத்ததற்கு மூலையில் மட்டும்தான் தொடுகிறது. மூலையில் காலைத் தூக்கி வைத்தாலே அத்துமீறல் என்று ஒரு பண்ணையாள் வண்டியில் வந்து சொன்னார். திரும்பிவிட்டேன்.

அப்போது அது யாருக்கும் தெளிவில்லாத விஷயம். 2021-ல் வயோமிங்கின் எல்க் மவுன்டனில் மிசௌரிக்காரர்கள் நாலு பேர் ஏணி வைத்து மூலையைத் தாண்டிய வழக்கில், 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நில உடைமையாளர் உச்ச நீதிமன்றம் போயும் அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. என் டேக் அதற்குள் காலாவதி!

எரிச்சல் என்னவென்றால், எந்த யூனிட்டில் பொது நிலத்துக்கு வழி கஷ்டம் என்று வயோமிங்கின் விதிப் புத்தகத்திலேயே குறிப்புப் போட்டிருக்கிறார்கள். பண்ணைகளோடு ஏற்பாடு செய்து, அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. நான் அட்டையைத் தாண்டிப் படிக்கவில்லை.

இன்னொன்று, வயோமிங் எல்க் நினைப்பவர்களுக்கு: வெளி மாநிலத்தவர் அங்கே ‘வில்டர்னஸ்’ (பாதுகாக்கப்பட்ட காடு) என்று அறிவித்த பகுதிக்குள் வழிகாட்டியோ உள்ளூர்க்காரர் துணையோ இல்லாமல் பெரிய விலங்கு வேட்டையாட முடியாது. நடக்கலாம், மீன் பிடிக்கலாம், வேட்டை மட்டும் கூடாது. என் நண்பர் பாதிக்கு மேல் வில்டர்னஸ் உள்ள யூனிட்டை எடுத்துவிட்டு, அதன் ஓரமாகவே ஒரு வாரம் சுற்றினார்.

ஃபீனிக்ஸிலிருந்து:

எங்கள் அரிசோனாவில் குட்டைதான் எல்லாம். முன்பு குட்டைக்குக் குட்டை கேமரா கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து போட்டோ பார்ப்பார்கள். 2022 ஜனவரி முதல் வேட்டைக்காக அப்படிக் கேமரா வைப்பதற்குத் தடை. நல்லதாயிற்று என்பேன், பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஜூன் மாதம் ஃப்ளாக்ஸ்டாஃபுக்குத் தெற்கே ஒரு குட்டைக் கரையில் மூன்று விடியல் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் எதிர்க்கரைப் புதரில் ஒரு தொப்பி. அவரும் உளவு பார்க்க வந்தவர்! இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எல்க் வந்தது, தண்ணீர் குடித்தது, போனது. அதன் பிறகுதான் கை அசைத்தார். எங்களுக்கு முன்பே அங்கே இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று கரையில் கிடந்த சூரியகாந்தி விதைத் தோலே சொன்னது. அந்த யூனிட்டை விட்டுவிட்டேன்.

டென்வரிலிருந்து, மறுபடியும்:

தனிச்செய்தியில் இரண்டு பேர் உயிரியலாளரை எப்போது கூப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஹெலிகாப்டரில் பறந்து எண்ணுகிறார்கள். அது முடிந்த பிறகு, பிப்ரவரியில் கூப்பிடுங்கள். கொலராடோவில் கடைசி நாள் ஏப்ரல் முதல் செவ்வாய், இரவு எட்டு மணி. அந்த வாரம் கூப்பிட்டால் வாய்ஸ்மெயில்தான் பேசும். மேய்ப்பரைப் பற்றிக் கேட்டவருக்கு: போன ஜூலையிலும் போனேன். அதே மந்தை, வேறு ஆள். நாய்கள் மட்டும் அதே இரண்டு. இந்த முறை குரைக்கவில்லை. புளியோதரை டப்பாவைத்தான் முகர்ந்தன.