புகார் கொடுத்த பத்தாம் நாள் நைட் ஷிஃப்ட்

சாட்ஸ்வொர்த் மருமகள்:
கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து ஆறு வருஷம். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு கிடங்கில் பில்லிங் வேலை. சூப்பர்வைசர் பில் பார்க்கிற சாக்கில் பின்னால் வந்து நின்று தோளில் கை வைப்பார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்திருந்தார்கள். பிப்ரவரி 3 ராத்திரி 11 மணிக்கு முதல் வாட்ஸ்அப், தூங்கியாச்சா என்று. மார்ச்சில் எச்ஆருக்கு ஈமெயிலில் புகார் கொடுத்தேன். பத்தாம் நாள் நைட் ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு டாக்ஸியும் கிடையாது, வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து விடுகிறார். இப்போது ஜூலை. கேட்டால் "விசாரணை நடக்கிறது, பொறுங்கள்" என்கிறார்கள். ஷிஃப்ட் மாற்றத்தையும் புகாராகக் கொடுக்கலாமா?

பீனிக்ஸ் அண்ணன்:
வேலையை விட்டுவிடும்மா. மானத்தைவிடச் சம்பளமா பெரிது?

யூனியன் அக்கா:
அண்ணா, மானம் போகவேண்டியது அந்த ஆளுக்கு. அவசரப்பட்டு ராஜினாமா எழுதினால், வேறு வழியில்லாமல்தான் போனேன் என்று நிரூபிக்கிற பாரம் இவள் தலையில் விழும்.

தங்கச்சி, முதலில் தேதியைப் பார். இந்தத் தொல்லை 1998ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி பாகுபாடு. 6 மாதத்துக்குள் சிசிஎம்ஏவுக்கு, அதாவது வேலைத் தகராறுகளைத் தீர்க்கிற ஆணையத்துக்கு, போகணும். கம்பெனி விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் நாள்தான் ஓடும். பிப்ரவரி 3 என்றால் ஆகஸ்டு 3ஐத் தாண்டவிடாதே. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அது தனி மல்லுக்கட்டு.

அங்கே கொடுக்கவேண்டியது 7.11 படிவம், கட்டணம் இல்லை. நகலை முதலில் கம்பெனிக்கு அனுப்பி, அனுப்பிய அத்தாட்சியோடு கொடு. சமரசம் ஆகாவிட்டால் அங்கேயே நடுவர் விசாரணை கேட்கலாம், லேபர் கோர்ட் வரை போகத் தேவையில்லை. புகார் வந்தும் கம்பெனி சும்மா இருந்தால் அதே சட்டத்தின் 60ஆம் பிரிவில் பொறுப்பு அவர்கள் மேல். ஷிஃப்ட் மாற்றத்தையும் எழுது. உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது என்கிறது 51ஆம் பிரிவு. ஒருவேளை வேலையைவிட்டே எடுத்தால் கணக்கு வேறு: 30 நாள்தான்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:
அக்கா, அந்த மெசேஜ்களை அழித்துவிட்டேன். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

யூனியன் அக்கா:
சரி, போகட்டும். அப்போதே யாரிடமாவது சொன்னாயா? அது சாட்சி. எச்ஆர் ஈமெயிலையும் பழைய ரோஸ்டரையும் உன் சொந்த ஈமெயிலுக்கு இன்றைக்கே அனுப்பி வை.

சாட்ஸ்வொர்த் மருமகள்:
பேக்கிங்கில் ஒரு அக்காவிடம் அன்றைக்கே காட்டினேன். ரோஸ்டர் போட்டோவும் இருக்கிறது. இவரிடம்தான் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, இன்று ராத்திரி காரில் சொல்கிறேன்.