தொப்பி அளவு பிடிபடவில்லை, உதவுங்கள்

அக்காமாரே, உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். நுவரெலியாவில் இருக்கும் அண்ணாவுக்கும் ஆறு மாதப் பெறாமகளுக்கும் குரோஷேத் தொப்பி பின்னுகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது, அங்கே விடியற்காலையில் பிள்ளையின் காது சில்லிட்டுப் போகிறதாம்.

உச்சியில் தொடங்கி வட்டமாகப் பின்னுகிறேன். தலைச் சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் விட்டம் வரும், அது வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறங்க வேண்டும். இதுவரை சரி. அண்ணாவின் தலை 57 சென்ரிமீற்றர், அதனால் 18 சென்ரிமீற்றர் வட்டம் போட்டேன். போன கிழமை வந்தபோது போட்டுப் பார்த்தார், புருவத்தையும் தாண்டி மூக்கு வரை இறங்கிவிட்டது. பின்னல் இழுபடுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது சுற்றளவில் 5 சென்ரிமீற்றர் குறைத்து, 16.5 வட்டத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். கம்பளி நூலுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு வைத்திருப்பதோ பருத்தி நூல், அவ்வளவாக இழுபடாது. அதற்கு எவ்வளவு குறைப்பீர்கள்? தலை 43 சென்ரிமீற்றர். வளரும் பிள்ளை, இறுகிவிடக்கூடாது.

அப்புறம், ஓரத்தை மடித்துவிடுகிற மாதிரிப் பின்னினால் இரண்டு மாதம் கூடுதலாகப் போடலாமா? பின்னிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்.