ஏபிசி பாட்டுக்கு முன்னம் ஓசை: சின்னப் பிள்ளைகளோடு புதிதாக வந்தவர்களுக்கு

கிளிநொச்சியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருக்கிற தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: மகளுக்கு மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் பின்தங்காமல் இருக்க வீட்டிலும் ஆங்கிலமே கதைக்கட்டுமா என்று. வேண்டாம் தங்கச்சி, தமிழிலேயே கதையுங்கள். இந்த வயதில் பிள்ளை பழகவேண்டியது சொல்லுக்குள் இருக்கிற ஓசையைப் பிரித்துக் கேட்பது. அதைத் தமிழில் பழகின காது ஆங்கிலத்துக்கும் உதவும்.

நான்கு வயது முடிந்து வருகிற செப்டெம்பரில் ரிசெப்ஷன் என்ற முதல் வகுப்பு. அங்கே ஃபொனிக்ஸ் முறையில், அதாவது எழுத்துகளின் ஓசையைக் கூட்டி வாசிக்கிற முறையில், பல பள்ளிகளில் எஸ், ஏ, ரி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளின் ஓசைதான் முதலில் வரும். எழுத்தின் பெயர் பிறகு. அதற்கு அடுத்த வகுப்பான இயர் 1 முடிகிற ஜூனில் 40 சொற்களை வாசிக்க வைப்பார்கள். அதில் பாதிக்கு அர்த்தமே கிடையாது. பிள்ளை பாடமாக்கிச் சொல்லாமல் ஓசையைக் கூட்டி வாசிக்கிறதா என்று பார்க்கத்தான், பயப்படாதீர்கள்.

ஓசையைச் சொல்லிக் காட்டும்போது 'ஸ', 'ம' என்று உயிரைச் சேர்க்காமல் 'ஸ்ஸ்ஸ்', 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். புள்ளி வைத்த எழுத்தோடு வளர்ந்த எங்களுக்கு இது லேசு. 'ரி'யின் ஓசைக்கு, 'நேற்று' என்று சொல்லும்போது நாக்கு படுகிற இடத்தையே பிடியுங்கள். 'பி'தான் கொஞ்சம் வில்லங்கம். நாங்கள் 'பாண்' என்று சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னால் இங்கத்தைய காதுக்கு 'பஸ்' என்பதன் முதல் ஓசை போலக் கேட்கும். வாய்க்கு முன்னால் ஒரு ரிஷூத் துண்டைப் பிடித்து, அது ஆடும்படி ஊதிச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அதுவே விளையாட்டு.

வீட்டில் எங்களுக்குப் பிடித்த விளையாட்டு ஏ9 பஸ், ஊரிலே யாழ்ப்பாணம்–கண்டி வீதியில் ஓடுகிற பஸ் மாதிரி. சோஃபாதான் பஸ், அப்பா கொண்டக்டர், பொம்மைகள் பயணிகள். தன் பெயரின் முதல் ஓசையில் தொடங்குகிற ஊரில்தான் பொம்மை இறங்கலாம். 'ம்ம்ம்முறிகண்டி!' என்றால் முயல் இறங்கவேண்டும். மாங்குளத்தில் மாடு, புளியங்குளத்தில் பூனை, வவுனியாவில் வாத்து. பூனை முறிகண்டியில் இறங்கப் பார்த்தால் கொண்டக்டர் விடக்கூடாது, பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். முறிகண்டியில் கச்சான் வாங்குவதும் பாவனைக்கு மட்டும்தான். ஐந்து வயதுக்குள் முழுக் கச்சான் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். இழுத்துச் சொல்லக்கூடிய ம், ஸ், ந் முதலில் வரட்டும். 'க்'கை இழுக்க முடியாது, அது பிறகு.

'க்' வந்த பிறகு ஊரிலிருக்கிற அம்மம்மாவையும் சேருங்கள். இங்கே பிள்ளை காலையில் பால் குடிக்கிற நேரம் அங்கே மத்தியானம். வாட்ஸப்பில் எடுத்து "க் என்று தொடங்குகிறதைக் காட்டுங்கோ" என்றால் போனைத் தூக்கிக்கொண்டு வளவெல்லாம் திரிவா: கோழி, கிணறு, கிடுகு, கத்தரி. நடுவில் உங்கள் சமையலையும் விசாரிப்பா, அதைத் தடுக்க முடியாது.

பென்சில் பிடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஏடு தொடக்கின மாதிரி தட்டில் அரிசி பரப்பி விரலால் கீறினால் இந்த வயதுக்குப் போதும். பிள்ளை முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை என்றால், காதைச் சோதிக்க ஹெல்த் விசிட்டரிடமோ (சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற நேர்ஸ்) ஜீபியிடமோ (குடும்ப டொக்டர்) கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குக் காசில்லை.