வடக்குத்தெரு குடும்பம்: நாத்து விடுற வாரம்

வெள்ளிக்கிழமை

[காலை 5:41] முருகையன்: (முன்னனுப்பியது) இனிய ஆடி வெள்ளி வணக்கம். அம்மன் அருள் உங்கள் இல்லம் நிறையட்டும் 🌺

[6:02] கணேசன்: அம்மா எப்டி

[6:02] கணேசன்: விதை மூட்டை எது

[6:08] செல்வி: ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு கேக்கலாம்ல அண்ணே

[6:09] கணேசன்: டிராக்டர்காரன் நிக்கிறான்

[6:17] மல்லிகா: அத்தை ராத்திரி ஊசி போட்டப்புறம்தான் தூங்குனாங்க. ஆபரேசன் பண்ண எடத்துல வீக்கம் கொறைஞ்சிருக்கு. முழிச்சதும் செவலை கன்னு போட்டுச்சான்னு கேட்டாங்க, அடுத்து நாத்தங்கால்ல தண்ணி ஏறிச்சான்னு. இடுப்பப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

[6:21] மல்லிகா: விதை மூட்டை பத்தாய ரூம்ல, பனஞ்சட்டத்து மேல, சுவத்துல ஒட்டாம ஒரு முழம் தள்ளி இருக்கும். வாய் கட்டுன கயித்துல சிவப்புத் துணி முடிஞ்சிருந்தா சிஆர் ஆயிரத்தொம்பது நெல்லு ரகம். நீலம்னா பிபிடி ரகம். துணி இல்லாதது சாப்பாட்டு நெல்லு. சிவப்பு மூணு மூட்டை, ஒவ்வொன்னும் 30 கிலோ. பள்ளக்கால் மூணு ஏக்கருக்கு ரெண்டு மூட்டை போதும். மூணாவதத் தொடக்கூடாது. நாத்து விட்டு பத்து நாள்ல பேய் மழை புடிச்சு நாத்து அழுகிப்போனா மறுபடி விடுறதுக்கு அத்தை வருசாவருசம் ஒரு மூட்டை அப்டியே வச்சிருப்பாங்க. தை வரைக்கும் அது பிரியாது.

[6:22] கணேசன்: மூணையும் பிரிச்சாச்சு

[6:22] வசந்தா: 🤦‍♀️

[6:24] மல்லிகா: பிரிச்சா பரவால்ல, திரும்பக் கட்டுங்க. மேல இருக்குற காஞ்ச நொச்சியும் வேப்பிலையும் கீழ கொட்டாம அப்டியே உள்ள போட்டுக் கட்டுங்க. அந்துப்பூச்சி வராம இருக்கறது அதுலதான்.

[6:31] தினேஷ்: சித்தி, சிஆர் ஆயிரத்தொம்பது நீண்டகால ரகம். ஹெக்டேருக்கு 30 கிலோதான் சிபாரிசு. ஏக்கருக்கு 12. ரெண்டு மூட்டையே அதிகம்

[6:32] கணேசன்: நான் ஏக்கருக்கு 30ன்னு நெனச்சேன்

[6:36] மல்லிகா: தினேஷ் தம்பி சொல்றது புத்தகத்துல சரி. நம்ம நாத்தங்கால்ல பாதி எலிக்கும் கொக்குக்கும் போகும். நட்டப்புறம் நண்டு கடிச்ச எடத்துக்கு ஊடு நடணும். அதுக்கும் சேத்து அத்தை கணக்கு ஏக்கருக்கு 20. முப்பது போட்டா நாத்து நெருக்கி, வெளுத்து, நூலாட்டம் வரும். நட்டா தலை சாயும்.

[6:37] தினேஷ்: முளைப்புத்திறன் பாத்தாச்சா?

[6:40] மல்லிகா: போன வாரமே. 100 நெல்லு எண்ணி ஈரச் சாக்குல சுருட்டி வச்சு, 91 மொளைச்சுது. எண்பதுக்குக் கீழ போனா அந்த மூட்டை அரிசி ஆயிடும்.

[6:41] பாஸ்கர் சிங்கப்பூர்: அம்மா ஒரு லேப்

[6:44] ராஜேந்திரன்: அனைவருக்கும் வணக்கம். 72 வயசுல இடுப்பு எலும்புக்கு ஆபரேசன் முடிஞ்சு நாலு நாள்தான் ஆகுது. இந்த நேரத்துல சாகுபடி அவசியமா? குத்தகைக்கு விட்டுடலாம்னு போன வருசமே சொன்னேன். யோசிக்கவும்.

[6:45] செல்வி: ஆரம்பிச்சாச்சு

[6:45] கணேசன்: விதைல பதரு பிரிக்க உப்பு எவ்ளோ

[6:52] மல்லிகா: பத்து லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ கல்லுப்பு போட்டுக் கரைங்க. புது முட்டை ஒன்னு உள்ள விடுங்க, பழைய முட்டை சும்மாவே மெதக்கும், அது ஏமாத்தும். மேல வரலன்னா ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடின்னு சேத்துக்கிட்டே போங்க. ஒன்னரை கிலோவுக்குள்ள முட்டை எழும்பி நாலணா அளவு தலை காட்டும். அப்ப விதையக் கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக் கிண்டி, மெதக்குற கருக்காயக் கூடைல அள்ளிடுங்க. கருக்காய் மாட்டுக்கு வேணாம், உப்பு. அடில தங்குனத ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணில அலசணும். உப்பு இருந்தா மொளைக்காது. ஒரே உப்புத் தண்ணில ரெண்டு மூட்டையும் பாத்தா நடுவுல முட்டைய விட்டு மறுபடி சோதிங்க, தண்ணி நீர்த்துடும்.

[6:53] வசந்தா: அண்ணி டைப் பண்றத பாத்து எனக்கே கை வலிக்குது. வாய்ஸ் போடுங்களேன்

[6:54] மல்லிகா: பக்கத்து பெட்ல ஆளு தூங்குறாங்க

[6:58] கனி: அம்மா, வரப்பு வெட்ட எட்டு பேர் வந்துட்டாங்க. சோத்துக்கு எவ்ளோ அரிசி?

[7:03] மல்லிகா: ஒன்னேகால் படி. கத்திரிக்கா கருவாட்டுக் கொழம்பு வை, புளி எலுமிச்சம்பழ அளவு ரெண்டு உருண்டை. பத்தரைக்கு டீயும் வடையும் கடைல வாங்கிக்க, பதினொன்னு ஆச்சுன்னா மம்மட்டிய வரப்புல சாச்சுட்டு உக்காந்துருவாங்க. அப்பாயி கூலி நோட்டு கடுகு டப்பா பின்னாடி. ஆளு பேருக்கு நேரா புள்ளி வச்சா முழு நாள், கோடு போட்டா அரை நாள். கனி அப்பாகிட்ட நோட்டக் குடுக்காத.

[7:03] கணேசன்: ஏன்

[7:04] வசந்தா: 😂😂

[7:10] ராஜேந்திரன்: நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல.

[7:12] செல்வி: பெரியண்ணே, குத்தகை பத்தி அம்மா இருக்கும்போது பேசுங்க. உங்க காலேஜ் ஃபீசுக்கு ரெண்டு கறவை மாடு வித்தப்பவும் மூணாவதா ஒரு கிடேரிய வச்சுக்கிட்டுதான் வித்தாங்க. இந்த செவலை அதோட பேத்தி

[7:13] செல்வி: என்னைய பத்தாவதோட நிறுத்தினது வேற கதை

[7:13] *செல்வி ஒரு செய்தியை நீக்கினார்*

[7:14] பாஸ்கர் சிங்கப்பூர்: படிச்சிட்டோம் அக்கா

[8:40] மல்லிகா: டாக்டர் வந்துட்டுப் போயாச்சு. திங்கக்கிழமை வீட்டுக்குப் போலாம். வாக்கர் புடிச்சு நடக்கணும். ஆனா தரைல உக்காரக்கூடாது, சம்மணம் கூடாது, குந்தவே கூடாது. முழங்கால விட இடுப்பு ஒசரமா இருக்கற நாற்காலி வேணும். மலம் கழிக்கவும் ஒசரமான சீட்டுதான்.

[8:41] வசந்தா: நம்ம வீட்டுல அது இல்லையே

[8:43] செல்வி: பட்டுக்கோட்டைக்கு வரட்டும். எங்க வீட்டுல வெஸ்டர்ன் இருக்கு, கைப்பிடியும் போட்டுடலாம்

[8:47] மல்லிகா: கேட்டுட்டேன் செல்வி. நாத்து பச்சை காட்டுனப்புறம் யோசிக்கலாம்னு சொல்றாங்க.

[8:48] பாஸ்கர் சிங்கப்பூர்: நடுவுல ஓட்டை வச்ச நாற்காலி விக்குது. காசு அனுப்புறேன்

[8:49] ராஜேந்திரன்: கொட்டகைத் தரைய முதல்ல சொரசொரப்பா பூசுங்க. பாசி படிஞ்ச சிமெண்ட்ல விடிகாலை நாலு மணிக்கு பால் வாளியோட நடக்க விட்டது யார்?

[8:50] கணேசன்: நாந்தான் விட்டேனா. நாலு மணிக்கு எழுந்திரிக்காதன்னா கேக்குறாங்களா

[8:55] மல்லிகா: பெரியத்தான், தரைல கோடு கீறி பூசணும்னு அத்தையே ரெண்டு வருசமா சொல்றாங்க. கொத்தனார் கூலி நாத்துநடவு செலவுல போயிடுது. வேற யாரும் எதுவும் குடுத்ததில்ல.

[9:20] முருகையன்: எப்ப விதைக்கிறீங்க

[9:21] கணேசன்: இன்னிக்கு சாயங்காலம் ஊறப்போட்டா ஞாயிறு சாயங்காலம் விதைப்பு

[9:24] முருகையன்: ஞாயிறு நாலரை டூ ஆறு ராகுகாலம்

[9:25] வசந்தா: சித்தப்பா 🙏

[9:33] மல்லிகா: சின்ன மாமா சொல்றதாலயும் சரி, வேலையாலயும் சரி, திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு விதைக்கறதுதான் நல்லது. ஞாயிறு மத்தியானம் கடைசி உழவு உழுது பரம்படிச்சா ராத்திரில சேறு படிஞ்சுரும். படியாத சேத்துல வீசுனா விதை அமுங்கி மூச்சு முட்டி அழுகும். அதனால நாளைக்கு காலைல ஆறுக்கு ஊறப்போடுங்க. ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணி, பத்து கிராம் சூடோமோனாஸ் பொடி (நோய் தடுக்குற நல்ல பாக்டீரியா). 24 மணி நேரம் ஊறணும். ஞாயிறு காலைல தண்ணிய வடிச்சு, சாக்குல தளர்வா கட்டி, நெழல்ல வைக்கோல் போட்டு மூடணும். இடைல ரெண்டு தடவை வெதுவெதுப்பா தண்ணி தெளிச்சு மூட்டையப் பொரட்டி விடணும். திங்கக்கிழமை காலைல வெள்ளையா முனை தெரிஞ்சா போதும். வேர் நீண்டு பின்னிக்கிட்டா வீசறப்ப ஒடியும்.

[9:35] கணேசன்: ஒரு மூட்டை ஊறப்போட்டாச்சே

[9:36] கனி: நான் சொன்னேன் கேக்கல

[9:41] மல்லிகா: சரி. அது நாளைக்கு காலைல எடுத்துடணும். மூட்டை கட்டாதீங்க, கட்டுனா சூடேறி சீக்கிரம் மொளைக்கும். நெழல்ல ஈரச் சாக்கு மேல ரெண்டு விரக்கடை ஒசரத்துக்குப் பரப்பி வைங்க. மெதுவா போகும். ஞாயிறு சாயங்காலம் மத்ததோட சேத்து மூடலாம்.

[9:44] கணேசன்: டிஏபி உரம் ஒரு மூட்டை கெடக்கு. 24 செண்டுக்கும் அடில போட்டுடவா

[9:50] தினேஷ்: சித்தப்பா, இருபது இருபத்தஞ்சு நாள்ல பறிக்கிற நாத்துக்குத்தான் அடில செண்டுக்கு ரெண்டு கிலோ. இது முப்பது நாளைக்கு மேல நிக்கும். களிமண்ணு வேற. அடில போட்டா நாத்து மதமதன்னு போயிடும், பறிக்கிறப்ப வேர் அறுபடும். பறிக்கறதுக்கு பத்து நாள் முன்னாடி செண்டுக்கு ஒரு கிலோ போடுங்க. அரை மூட்டை மீதியாகும்

[9:52] மல்லிகா: அத்தை தலைய ஆட்டுறாங்க. தினேஷ உருப்படியா படிக்க வச்சிருக்கான்னு பெரியத்தானச் சொல்றாங்க.

[9:53] ராஜேந்திரன்: 🙏

[9:54] பாஸ்கர் சிங்கப்பூர்: அண்ணன் அழுவுறாரு

[10:05] முருகையன்: (முன்னனுப்பியது) மூட்டு வலிக்கு முடவாட்டுக்கால் சூப் குடிச்சால் ஆபரேசன் தேவையில்லை!! அனைவருக்கும் பகிரவும்

[10:06] வசந்தா: சித்தப்பா ஆபரேசன் முடிஞ்சுருச்சு

[மாலை 4:12] கனி: அம்மா செவலை படுத்து படுத்து எந்திரிக்குது. வழும்பு தொங்குது. வால் அடி ரெண்டு பக்கமும் குழி விழுந்திருக்கு

[4:14] மல்லிகா: மணியக் குறிச்சுக்க. யாரும் சுத்தி நிக்காதீங்க, நாயக் கட்டு. பன்னீர்க்குடம் ஒடைஞ்சதும் ரெண்டு முன்னங்கால் குளம்பும் அதுக்கு மேல மூக்கும் தெரியணும். அப்டி வந்தா கைய வைக்காத, அதுவே போடும். ஒரு கால்தான் தெரியுது, இல்ல வால் தெரியுதுன்னா, இல்ல குடம் ஒடைஞ்சு ஒரு மணி நேரம் ஆயும் ஒன்னும் வரலன்னா உடனே 1962க்கு (கால்நடை ஆம்புலன்ஸ்) அடி. இழுக்க விடாத உங்கப்பாவ.

[4:15] கணேசன்: நான் எதுக்கு இழுக்குறேன்

[4:16] செல்வி: போன தடவ இழுத்தீங்க

[4:20] மல்லிகா: கன்னு விழுந்ததும் மூக்கு வாய் வழும்பத் தொடை. கொப்பூழ்க்கொடிய ரெண்டு விரக்கடை விட்டு நூலால கட்டி வெட்டி அயோடின் தடவு. ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போகணும். கன்னு 25 கிலோ இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர், மூணு நாலு வேளையாப் பிரிச்சு. மொத பால அக்கம்பக்கம் கேட்டா குடுக்காத, கன்னுக்குப் போக மிஞ்சுனாதான். தாய்க்கு வெதுவெதுன்னு தண்ணில வெல்லமும் தவிடும் கரைச்சு வை. நஞ்சுக்கொடி விழுறவரைக்கும் ஒரு ஆளு பக்கத்துலயே இருக்கணும், விழுந்தா தின்னுடும். 12 மணி நேரத்துக்குள்ள விழலன்னா டாக்டர், கல்லக் கட்டித் தொங்கவிடற வேலையெல்லாம் வேணாம்.

[4:21] முருகையன்: நஞ்ச வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டணும். பால் பெருகும்

[4:22] மல்லிகா: அத்தையும் அதத்தான் சொல்றாங்க. கட்டிடுங்க, நாய் கைக்கு எட்டாம இருந்தா சரி.

[4:30] ராஜேந்திரன்: திங்கள் காலை நான் வர்றேன். விதைப்பு முடிஞ்சதும் அம்மா எங்க இருக்கறதுன்னு உக்காந்து பேசுவோம். கொட்டகைத் தரைக்கு கொத்தனார் பாருங்க, காசு நான் தர்றேன்.

[4:31] செல்வி: பட்டுக்கோட்டைன்னு சொல்லிட்டேனே

[4:31] வசந்தா: மூணு மாசம் செல்வி அக்கா, மூணு மாசம் எங்கிட்ட

[4:32] பாஸ்கர் சிங்கப்பூர்: அம்மாகிட்ட கேட்டீங்களா யாராச்சும்

[4:38] கனி: குடம் ஒடைஞ்சுருச்சு 4:36க்கு. குளம்பு தெரியுது. ரெண்டு

[4:39] மல்லிகா: மூக்கு?

[4:39] கணேசன்: அயோடின் எங்க இருக்கு

[4:40] மல்லிகா: கொட்டகை எரவாணத்துல சொருகுன பனநார்ப் பொட்டில. நூலும் பிளேடும் அதுலயே. மூக்கு தெரியுதா இல்லையா கனி?