சூடேறினால் மூன்றாம் கியரில் நின்றுவிடும் கார்: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டிவரும் என் ஆட்டோ கியர் கார் காலையில் உட்லண்ட்ஸிலிருந்து அருமையாகக் கிளம்புகிறது. அரைமணி நேரம் கழித்து, பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில், ஒரு குலுக்கல். மூன்றாம் கியரிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினால் சரியாகிவிடுகிறது.

பதிவான பிழைக் குறியீடு பி0715. கியர்பெட்டிக்குள் நுழையும் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றுக் கோளாறு அது. பட்டறையிலோ கியர்பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கியர்பெட்டி எண்ணெய் சிவப்பாகவே இருக்கிறது, கருகல் வாடை இல்லை. சென்சார் இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன்: ஒரு முள்ளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துடைத்துப் பொருத்தியதும் நான்கு நாள் தொல்லையில்லை. ஐந்தாம் நாள் மழையில் மீண்டும் அதே கதை.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் வயரில் குறை தெரியவில்லை. சூடாக இருக்கும்போதே வயரை அசைத்து அசைத்துச் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உபி, காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகள் பக்கம் அவ்வளவு பொறுமையாகப் பார்க்கும் கார் எலக்ட்ரீஷியன் யாரையாவது தெரியுமா? சென்சாரை முதலில் மாற்றுவதா, வயரையா? இதை அனுபவித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு இந்த வண்டியில்தான் அழைத்துச் செல்கிறேன்.