பெருமாள்மலைக் கடைக்கு எந்தச் சரக்கு ஓடும் என்று முன்கூட்டியே அறிவது எப்படி?

கேள்வி: பெருமாள்மலைக் கடை

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் போகும் வழியில் உள்ள பெருமாள்மலையில், பழனி ரோடு பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கடை வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காப்பித்தூள், தைலம், சாக்லேட், மிளகு, சில கம்பளித் தொப்பிகள். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். கடை முழுக்க என் பொறுப்பு.

கடந்த ஏப்ரலில், கையை அழுத்தினால் காது தூக்கும் முயல் தொப்பியின் காணொளிகளை எங்கு பார்த்தாலும் கண்டேன். ஒன்று 110 ரூபாய் வீதம் 300 தொப்பிகள் வரவழைத்தேன். சரக்கு வந்து இறங்கிய வாரத்திலேயே வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஏரி வரை எல்லாக் கடைகளிலும் அதே தொப்பி தொங்கியது. மே மாதம் முடியும்போது நான் விற்றது 64. மீதி 236 தொப்பிகள் பரண் மேல் இருக்கின்றன. 25,960 ரூபாய் முதல் அங்கே முடங்கிக் கிடக்கிறது. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. மகளின் பள்ளிக் கட்டணத்தில் பாதி.

இனி கடையோடு நிற்காமல் கூரியரிலும் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பொருளுக்குக் கிராக்கி வரும், எது ஆண்டுதோறும் திரும்பி வரும், எது இந்த முயல் தொப்பியைப் போல வந்த வேகத்தில் போய்விடும் என்பதை எப்படி அறிவது? வெற்றிப் பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? ஊரில் எல்லோரும் விற்பதைத்தான் நானும் விற்கிறேன். பூண்டு இருக்கிறதா, வெண்ணெய்ப் பழம் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களை, பூம்பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில் 1: வத்தலக்குண்டு இளைஞன்

அக்கா, அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் காட்டப்போகும் கருவிகளில் முதலாவது கூகுள் ட்ரெண்ட்ஸாகத்தான் இருக்கும். கூகுளில் ஒரு சொல்லை மக்கள் எப்போது அதிகம் தேடினார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் பக்கம் அது; இலவசம். நான் மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்து மரச்செக்கு எண்ணெய் அனுப்புகிறேன். தினமும் பார்ப்பது அதைத்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அதில் வரும் எண், எத்தனை பேர் தேடினார்கள் என்பதைச் சொல்லும் எண் அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்துக்குள் அந்தச் சொல் உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற வாரங்களை அதனோடு ஒப்பிட்டுக் காட்டும். 0 என்று வந்தால் ஒருவருமே தேடவில்லை என்று பொருளில்லை. கணக்குப் போடும் அளவுக்குத் தேடல் சேரவில்லை, அவ்வளவே. 2004 முதல் உள்ள விவரம் அதில் கிடைக்கிறது. நீங்கள் கடைசி ஐந்து ஆண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் எல்லாப் பொருளும் ஏறுவதாகவே தெரியும். முயல் தொப்பியில் நடந்தது அதுதான்.

கோடு மூன்று விதமாக வரும். ஊசி போல ஒரே குத்தாக ஏறி இறங்கினால் அது மோகம். 2017-இல் குழந்தைகள் விரலில் சுழற்றிய ஃபிட்ஜெட் ஸ்பின்னரையும், 2020 ஊரடங்கில் எல்லோரும் அடித்துக் கலக்கிய டல்கோனா காப்பியையும் போட்டுப் பாருங்கள், கண்ணால் காணலாம். சீப்பின் பற்கள் போல ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அது பருவக் கிராக்கி. இந்தியா முழுவதற்கும் ஸ்வெட்டர் என்று போட்டால் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை தவறாமல் ஏறும். மூன்றாவது, சத்தமில்லாமல் பல ஆண்டுகளாக மேலே போகிற கோடு. உங்களிடம் கேட்கிற வெண்ணெய்ப் பழம், அதாவது அவகாடோ, அப்படிப்பட்டது.

ஸ்வெட்டர் உங்களுக்கு முக்கியம், அக்கா. மலைக்கு வருகிறவர் மே மாதத்தில் குளிர் தாங்காமல் கம்பளி வாங்குகிறார். கீழே இருந்து கூரியரில் வாங்குகிறவருக்கு மே மாதத்தில் கம்பளி எதற்கு? ஒரே பொருளுக்கு இரண்டு நாட்காட்டி. சாக்லேட்டும் அப்படியே. சீசனில் கடையில் நன்றாகப் போகும். அதே நேரம் கூரியரில் போட்டால் மதுரை போவதற்குள் உருகிவிடும். அனுப்ப வேண்டியது கார்த்திகைக்குப் பிறகுதான். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கூடவே வரும்.

இன்னொன்று: நம் மக்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். மலைப்பூண்டு என்பதை இரண்டு எழுத்திலும் போட்டுப் பாருங்கள். அமேசானில் அதிகம் விற்கும் பொருள்களின் பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்தப் பொருளுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியிருப்பதை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படியுங்கள். வாங்கும் ஆசையும் இருந்து, மனக்குறையும் பட்டவர்கள் அவர்கள். புட்டி ஒழுகியது, தூள் பழையது, அளவு பெரியது என்று எழுதியிருப்பார்கள். அந்தக் குறையைத் தீர்த்தால் உங்கள் சரக்கு சந்தையில் நிலைக்கும்.

பதில் 2: கோத்தகிரி பழைய கடைக்காரன்

தம்பி சொன்னது சரி. ஆனால் அம்மா, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியை நீங்களே மறுபடியும் படியுங்கள். பூண்டு கேட்டார்கள், வெண்ணெய்ப் பழம் கேட்டார்கள், அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் படியில் நின்று, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, யாரோ காணொளியில் காட்டிய தொப்பிக்கு 33,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். கடிந்து சொல்லவில்லை. நானும் அதே வழியில் போய் அடிபட்டவன் என்பதால் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

கோத்தகிரிக் கடைவீதியில் 31 ஆண்டுகள் கடை வைத்திருந்தேன். கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டு, கூடலூரில் இருந்த ஒரு வியாபாரி ஜூன் மாதம் குடை விற்றே வீட்டுக்கு ஓடு மாற்றியதைப் பார்த்தேன். மறு ஆண்டு நானும் மே கடைசியில் பன்னிரண்டு டஜன் குடை வாங்கி அடுக்கினேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் போயின. குடை அசையவில்லை. கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை. எங்கள் சரிவுக்குப் பெருமழை ஐப்பசியில்தான், வடகிழக்கிலிருந்து வரும். ஒரே மாவட்டம், இடையில் ஒரு மலைமுகடு, மழை வேறு. பிறந்து வளர்ந்த ஊரின் மழை எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அடுத்தவன் கல்லாவைப் பார்த்த கண்ணுக்குச் சொந்த வானம் தெரியவில்லை. அக்டோபரில் குடைகள் விற்றன. அதுவரை கடனுக்கு வட்டி கட்டினேன்.

அதன் பிறகு என் மாமனார் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து, விற்றதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, 'இல்லை' என்று சொன்னதை எழுது என்றார். தேதி, கேட்ட பொருள், கேட்டவர் உள்ளூரா வெளியூரா, எந்த அளவில் கேட்டார். இந்த நான்கு மட்டும். கடையை மகனிடம் விட்ட பிறகும் அந்தப் புத்தகங்கள் பதினேழும் என்னிடம் இருக்கின்றன. அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

ஒரே பஸ்ஸில் வந்த பத்துப் பேர் கேட்டால் அது ஒரு கேள்விதான், பத்து அல்ல. வேறு வேறு நாளில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் கேட்டால்தான் கணக்கு. அடுத்த ஆண்டும் அதே காலத்தில் அதே கேள்வி வந்தால் அது பருவச் சரக்கு. அதற்கு மூன்று வாரம் முன்பே கொள்முதல் செய்ய வேண்டும். மாதம் பார்க்காமல் ஆண்டு முழுக்கக் கேட்டால் அதுதான் கடைக்குச் சோறு போடும் சரக்கு.

அதே காலம் என்று சொன்னேனே தவிர அதே தேதி என்று சொல்லவில்லை. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. அக்டோபர் விற்பனையை அக்டோபரோடு ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். தீபாவளிக்கு முந்திய பத்து நாளை அதே பத்து நாளோடு ஒப்பிட வேண்டும். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் அப்படித்தான் முன்னும் பின்னும் நகரும். பழனி அடிவாரம் உங்களுக்குப் பக்கம், அது உங்களுக்குப் பெரிய செய்தி. ரம்ஜான் ஆண்டுக்கு ஏறக்குறைய பதினோரு நாள் முன்னே வரும். ஐயப்பசாமிகள் வருகை மட்டும் கார்த்திகை முதல் தேதியைப் பிடித்து வருவதால் பெரிதாக நகராது.

வண்டிகளின் பதிவெண்ணையும் பாருங்கள். எங்கள் பக்கம் ஓணத்துக்குக் கேரள வண்டி, தசராவுக்குக் கர்நாடக வண்டி, தீபாவளி கழிந்த வாரம் குஜராத்திக் குடும்பங்கள். ஒவ்வொருவர் கேட்பதும் வேறு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்துவிட்டதால், அதற்கு முந்திய சீசனின் கூட்டக் கணக்கை அப்படியே நம்பிக் கொள்முதல் செய்யாதீர்கள்.

அளவையும் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் கடையில் வர்க்கியை, அதாவது நீலகிரியின் மொறுமொறு பிஸ்கட்டை, எடை போட்டுக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். புத்தகத்தைப் புரட்டியபோது, 'சின்னப் பொட்டலம் ஐந்து, ஆறு' என்று கேட்டு இல்லாமல் போனவர்கள் ஒரு சீசனில் நாற்பதுக்கு மேல். மலைக்கு வருகிறவர் தனக்காக மட்டும் வாங்குவதில்லை. பக்கத்து வீடு, அலுவலக நண்பர்கள், சம்பந்தி வீடு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பார். 200 கிராம் பொட்டலமாகப் போட்ட பிறகு அதே வர்க்கி இரண்டு மடங்கு போனது. புதுப் பொருள் எதையும் நான் தேடவில்லை. உங்கள் காப்பித்தூள் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள், அம்மா.

பதில் 3: மண்டிக் கணக்கர்

ஐயா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கேட்கிறார்கள் என்பதற்காகப் பூண்டில் இறங்கிவிட முடியாது. வடுகபட்டிப் பூண்டு மண்டியில் வேலை செய்தவன் நான். காயக் காயப் பூண்டின் எடை குறையும். வாங்கிய எடைக்கு விற்ற எடை வராது. விலையும் ஆடும். 2024 பிப்ரவரியில் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த விலையில் மூட்டை கட்டி வைத்தவர்கள் பிறகு கலங்கினார்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சின்னத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால், 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற பயனாளராக இருக்க வேண்டும். வடநாட்டுப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்கிறவர்கள் அதிகம். அதனால் வாங்குகிறவருக்குச் சந்தேகமும் அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டு கேட்பது எந்த மாதமும் நிற்காது. அவர்களுக்கு வேண்டியது கால் கிலோ, அரைக் கிலோ. ஆனால் நல்ல பூண்டாக இருக்க வேண்டும். மூட்டையாக வாங்கி வைக்காமல், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ தெரிந்த ஒரு விவசாயியிடம் வாராவாரம் வாங்கி, எந்த ஊர்ப் பூண்டு என்பதைப் பொட்டலத்தில் எழுதி விற்றால் விலை ஆட்டம் உங்களை அடிக்காது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, நிகர எடை, விலை, பொட்டலமிட்ட தேதி, முகவரி ஆகியவற்றை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள்.

பதில் 4: தாண்டிக்குடி தோட்டம்

அக்கா, வெண்ணெய்ப் பழத்தைப் பற்றி நான் சொல்கிறேன். காப்பிக்கும் மிளகுக்கும் இடையில் எங்களுக்கு முப்பது மரம் இருக்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 ரகமும் அதில் உண்டு. என் சிறு வயதில் ஜூஸ் கடைக்காரர்கள் மட்டும் வாங்குவார்கள். மீதியை எடுக்க ஆள் வராமல் கீழே விழுந்து கிடக்கும். இப்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நேரடியாகக் கேட்கிறார்கள். தம்பி சொன்ன மூன்றாவது கோட்டை நாங்கள் மரத்தடியில் நின்று பார்த்தோம்.

இந்தப் பழம் மரத்தில் கனியாது. பறித்த பிறகுதான் கனியும். பலர் கனிந்ததை அனுப்பிக் கெடுத்துக்கொள்கிறார்கள். கல் போல இருக்கும்போதே, காம்பு சிறிது விட்டுப் பறித்து, வைக்கோலோ காகிதமோ வைத்து அனுப்ப வேண்டும். எத்தனை நாளில் கனியும், கனிந்ததை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி உள்ளே வையுங்கள். 'பழம் கல்லாக இருக்கிறது' என்று திட்டுகிறவர்கள் எல்லாம் அந்தச் சீட்டு இல்லாததால் திட்டுகிறவர்கள்.

கேள்வி கேட்டவர்: பெருமாள்மலைக் கடை

எல்லோருக்கும் நன்றி. கோத்தகிரி ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் மகளின் பழைய நோட்டில் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். இன்று ஒன்பதாம் நாள். பூண்டு 11 பேர், எல்லோரும் கால் கிலோ அல்லது அரைக் கிலோ. வெண்ணெய்ப் பழம் 7. நூறு கிராம் காப்பித்தூள் 9. என்னிடம் அரைக் கிலோப் பொட்டலம்தான் இருந்தது. நான் நினைத்தே பார்க்காத ஒன்று: குழந்தைக்குக் காலுறை கேட்டு 6 பேர். முயல் தொப்பி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

காப்பித்தூளை நேற்றே நூறு கிராமாகப் பிரித்துக் கட்டிவிட்டேன். பூண்டுக்கு மன்னவனூரில் என் சித்தியிடம் பேசியிருக்கிறேன்; செவ்வாய்தோறும் பத்துக் கிலோ மட்டும் தருவார்கள். தாண்டிக்குடி அக்கா, வரும் வாரம் கல் போன்ற பழம் பதினைந்து கிலோ ஊத்து என்ற ஊர் வரை பஸ்ஸில் ஏற்றிவிட முடியுமா? அங்கிருந்து என் கணவர் ஜீப்பில் எடுத்துக்கொள்வார். துண்டுச் சீட்டை மகள் எழுதிவிட்டாள். அச்சடிக்கும் முன்னால் நீங்கள் ஒருமுறை படித்துத் திருத்தித் தர வேண்டும்.