புதுப்பிப்பு: மணிக்கொரு தடவை எழுந்து அழுத 7 மாதக் குழந்தை இப்போது தூங்குகிறாள்

என் 7 மாத மகள் இரவில் மணிக்கொரு தடவை எழுந்து அழுகிறாள், என்ன செய்வது என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "பால் குடித்தபடியே தூங்க விடாதீர்கள், கண் சொக்கும்போதே தொட்டிலில் விடுங்கள்" என்ற யோசனைதான். இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று 50, 60 நிமிடம்தான்; ஒவ்வொன்றின் முடிவிலும் லேசாக விழிப்பு வரும். மடியில் தூங்கிய குழந்தை தொட்டிலில் கண் திறந்தால் பயப்படத்தானே செய்யும்!

முதல் மூன்று இரவும் சிரமம். அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்திருந்தேன். நான்காம் இரவு இரண்டு விரலைச் சப்பிக்கொண்டு, தலையைத் திருப்பித் தானாகவே தூங்கிப்போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது 3 மணி வாக்கில் ஒரே ஒருமுறை பாலுக்கு எழுகிறாள்.

எதிர்பாராத ஒன்று: மாலைத் தூக்கத்தை நிறுத்தினால் இரவில் அசந்து தூங்குவாள் என்று நினைத்தேன். நேர்மாறு. களைப்பு மிஞ்சி இன்னும் அதிகமாக அழுதாள். அரை மணி நேரம் திரும்பக் கொடுத்ததும் சரியானது.

அப்புறம், துணியில் இறுக்கிச் சுற்றச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. உருளத் தொடங்கிய குழந்தைக்கு அது ஆபத்து.